வரப்போடு நிற்கும் அதிகாரம்: மதுரைச் சமவெளியும் பூச்சிமருந்துச் சோதனையும்

பயிரைத் தாக்கும் பூச்சியை முன்னிட்டு அரசு அலுவலர் ஒருவர் பிறருடைய நிலத்துக்குள் நுழையலாமா என்ற கேள்விக்குச் சென்னை மாகாணம் 1919-ஆம் ஆண்டிலேயே நுழையலாம் என்று விடை சொல்லிவிட்டது. அந்தப் பூச்சியைக் கொல்லும் நஞ்சை முன்னிட்டு நுழையலாமா என்ற கேள்விக்கு இந்திய நாடாளுமன்றம் 1968-இல் அளித்த விடையோ, ஆலைவரை போகலாம், கடைவரை போகலாம், உழவர் தம் சொந்தப் பயிருக்கு மருந்தடிக்கும் வயலுக்குச் சட்டம் வாராது என்பதாக அமைந்தது. இந்த இரண்டு விடைகளுக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் நடந்தவையும், அவற்றின் விளைவாக மதுரையைச் சுற்றியுள்ள நெல், பருத்தி, மல்லிகை வயல்களில் இன்றும் நீடிக்கும் நிலையும் சேர்ந்ததே பூச்சிமருந்துச் சோதனை அதிகாரத்தின் வரலாறு.

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் சாலையில், திருப்பரங்குன்றத்தைக் கடந்ததும் வரும் திருநகர், 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனிப் பேரூராட்சியாக இருந்த குடியிருப்புப் பகுதியாகும். அதை ஒட்டியுள்ள ஹார்விபட்டி, மதுரையில் நூற்பாலை நடத்திய ஹார்வி சகோதரர்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஒரு பக்கம் நிலையூர்க் கண்மாய் போன்ற பெரிய ஏரிகளின் நெல் ஆயக்கட்டு, தெற்கே திருமங்கலத்தை நோக்கி விரியும் கரிசலில் பருத்தி, இடையிடையே கிணற்றுப் பாசனத்தில் மல்லிகைத் தோட்டங்கள் என மூவகை வேளாண்மை இப்பகுதியைச் சுற்றி அமைந்திருக்கிறது. பூச்சிமருந்தை அதிகமாக உட்கொள்ளும் பயிர்களைப் பட்டியலிடப் புகுந்தால் இம்மூன்றையும் விட்டுவிட்டு எழுத முடியாது என்பதால், இந்தச் சட்டங்கள் எங்கே பலித்தன, எங்கே பலிக்கவில்லை என்பதைப் பார்க்க இந்தச் சமவெளி தகுந்த இடமாகும்.

1919-இன் சட்டத்துக்குக் காரணமாக இருந்தது பெரும்பாலும் பருத்தியே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் மாவட்டங்களில் பரவிய கம்போடியாப் பருத்தி, நீண்ட இழையும் நல்ல விலையும் தந்தபோதிலும், அறுவடைக்குப் பிறகும் செடியைப் பிடுங்காமல் மறு பருவத்துக்கு விட்டுவைக்கும் வழக்கத்தால் தண்டுக் கூன்வண்டுக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் ஆண்டு முழுவதும் உறைவிடம் கொடுத்தது. ஒருவர் தம் செடிகளைப் பிடுங்கினாலும் பக்கத்து நிலத்தார் பிடுங்காவிட்டால் பயனில்லை என்பதால், குறித்த நாளுக்குள் பழைய செடிகளை அனைவரும் வேரோடு அகற்ற வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. சென்னை வேளாண் பூச்சிகள், நோய்கள் சட்டம் எனப்பட்ட அச்சட்டத்தின்படி, அரசு ஒரு பூச்சியையோ நோயையோ களையையோ அறிவிக்கை செய்த பகுதியில், ஆய்வு அலுவலர் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நிலத்துக்குள் சென்று பார்க்கலாம். நிலத்தை அனுபவிப்பவர் செய்ய வேண்டியதைச் செய்யத் தவறினால் அலுவலரே அதைச் செய்து முடித்து, செலவை நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம். குடியானவருக்கு இது கடுமையான சட்டம்தான். ஆனாலும் ஒரு நிலத்தில் நடப்பது அடுத்த நிலத்தைப் பாதிக்கும் என்ற உண்மையை அது நேராக ஒப்புக்கொண்டது.

அதே 1919-இல் இந்திய அரசு இயற்றிய நஞ்சுகள் சட்டம் வேறொரு திசையில் சென்றது. வெள்ளைப் பாஷாணம் முதலான நஞ்சுகளை விற்பதற்கு உரிமம், வாங்குவோர் பற்றிய பதிவு, பூட்டிவைக்கும் முறை ஆகியவற்றுக்கு விதி செய்ய மாகாண அரசுகளுக்கு இடமளித்த அச்சட்டம், சட்டத்துக்குப் புறம்பாக நஞ்சு வைத்திருக்கும் இடத்தைச் சோதனையிட நடுவர் ஆணை பிறப்பிக்கவும் வழிசெய்தது. பயிருக்கு அடிக்கும் மருந்து அக்காலத்தில் இச்சட்டத்தின் முதன்மையான கவலையாக இருக்கவில்லை; ஏனெனில் வேளாண் துறை பரிந்துரைத்தவை புகையிலைக் கஷாயம், மீன் எண்ணெய்ச் சோப்பு, விளக்குப் பொறி, கையால் புழு பொறுக்குதல் போன்றவையே. ஈயமும் சுண்ணாம்பும் சேர்ந்த பாஷாண உப்புகள் சில தோட்டப் பயிர்களுக்கு வந்திருந்தாலும், அவை குடியானவரின் வீட்டுப் பரணுக்கு வந்து சேரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே அந்தப் பரணில் பாட்டில்களும் பொட்டலங்களும் ஏறின. 1952-இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் பி.எச்.சி. பொடியும், 1954-இல் தில்லியில் டி.டி.டி.யும் உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கின. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் வீடு வீடாக நுழைந்து சுவரில் டி.டி.டி. அடித்த பணியாளர்களால், மருந்து என்பது அரசே கொண்டுவந்து கொடுக்கும் நன்மை என்ற எண்ணம் ஊருக்குள் வேரூன்றியது. நெல்லுக்கு பி.எச்.சி. தூவுவதும் அதே நம்பிக்கையில் பரவியது.

அந்த நம்பிக்கையை 1958 ஏப்ரல், மே மாதங்களில் நேர்ந்த பேரிழப்பு உலுக்கியது. கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் கோதுமை மாவில் செய்த உணவை உண்டவர்கள் வாந்தி, வலிப்பு, மூச்சுத்திணறல் கண்டு விழுந்தார்கள். இறந்தவர்கள் 100-க்கும் மேற்பட்டோர். மாவோடு ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்த பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கசிந்து மூட்டைகளில் ஊறியிருந்ததே காரணம் எனத் தெரியவந்தது. பாரத்தியான் என்பது கரிம பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்த நஞ்சு. நரம்புகள் தசைகளுக்கு அனுப்பும் செய்தியை உரிய நேரத்தில் நிறுத்துகிற நொதியை அது முடக்கிவிடுவதால், தசைகள் ஓயாது துடித்து, நுரையீரலில் நீர் சுரந்து, மூச்சு நின்றுபோகும். தமிழ்நாட்டு மக்கள் அதன் வணிகப் பெயரைப் 'பாலிடால்' என்று திரித்து வழங்கினார்கள். ஒரு தலைமுறைக்கு மேலாகக் கிராமங்களில் அப்பெயர் சாவோடு சேர்த்தே உச்சரிக்கப்பட்டது. இறந்தவர்களில் எவரும் அம்மருந்தை வாங்கியவரோ தெளித்தவரோ அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சரக்கை எங்கே, எதன் பக்கத்தில் வைப்பது என்ற ஒரு கவனக்குறைவு, மருந்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத குடும்பங்களைக் கொன்றது.

நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் பூச்சிமருந்துகளின் தயாரிப்பு, விற்பனை, போக்குவரத்து, சேமிப்பு ஆகியவற்றை முறைப்படுத்தத் தனிச் சட்டம் வேண்டும் என்று கருதியது. பிறகு எம். எஸ். தாக்கர் தலைமையிலான வல்லுநர் குழுவும் இதை ஆராய்ந்தது. எனினும் சட்டம் நிறைவேற 1968 செப்டம்பர் ஆயிற்று. நடைமுறைக்கு வர 1971 ஆயிற்று. அவ்வாண்டின் இறுதியில்தான் விதிகளும் முழுமையாயின. 100 உயிர்களுக்குப் பிறகும் 13 ஆண்டுகள் என்பது மன்னிக்கத்தக்க தாமதம் அன்று.

கப்பலில் நேர்ந்த துயரத்தின் தடம் அவ்விதிகளில் வெளிப்படையாகத் தெரிகிறது. உணவுப் பொருளோடும் கால்நடைத் தீவனத்தோடும் தொடர்பு ஏற்படும் வகையில் பூச்சிமருந்தை எவரும் கொண்டுசெல்லவோ சேமிக்கவோ கூடாது என்றும், அதைத் தனி அறையிலோ, அளவு குறைவாயின் பூட்டிய தனி அலமாரியிலோ வைக்க வேண்டும் என்றும், அறை உலர்ந்து, வெளிச்சமும் காற்றும் உடையதாக இருக்க வேண்டும் என்றும் அவை வகுத்தன. ஒவ்வொரு பாட்டிலிலும் சாய்சதுர வடிவில் ஓர் எச்சரிக்கைக் குறி அச்சிடப்பட்டு, அதன் கீழ்ப்பாதி நஞ்சின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நிறம் மாற வேண்டும் என்ற ஏற்பாடும் அப்போது வந்ததே. ஆய்வகத்தில் சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லத் தேவைப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ என்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5,000 வரை நீலம். அதற்கும் மேல் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஆபத்தை அறிய வேண்டும் என்ற நல்ல நோக்கம் கொண்ட ஏற்பாடு இது; ஆயினும் பச்சை முக்கோணம் ஆபத்தில்லாதது என்று பொருள்கொள்ளப்படுவதையும் அதனால் தடுக்க முடியவில்லை.

சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி அரசு பூச்சிக்கொல்லி ஆய்வாளர்களை நியமிக்கிறது. தமிழ்நாட்டில் இவர்கள் வேளாண்மைத் துறை அலுவலர்களே. உரத்தின் தரத்தையும் பூச்சிமருந்தின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினர் இப்பணியைச் செய்கிறார்கள். 21-ஆம் பிரிவு இவர்களுக்குத் தரும் அதிகாரம் சிறியதன்று: குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கவிருக்கிறது என்று நம்பக் காரணமுள்ள இடத்துக்குள் தக்க நேரத்தில் நுழைந்து சோதனையிடலாம், இருப்புப் பதிவேட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படியெடுக்கலாம், சட்டத்துக்கு முரணான சரக்கின் விற்பனையை 30 நாள்களுக்கு மிகாமல் நிறுத்திவைக்கலாம், சரக்கையே கைப்பற்றலாம், மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். தம் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு விற்பனை நிலையத்தையும் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை பார்வையிட வேண்டும் என்று 1971-இன் விதிகள் இவர்களுக்குக் கடமையும் வகுத்தன.

திருமங்கலம் போன்றதொரு சந்தை ஊரின் உரக்கடையில் இந்த அதிகாரம் செயல்படும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் அதன் நுட்பமும் பலவீனமும் ஒருசேரப் புலப்படும். ஆய்வாளர் முதலில் உரிமத்தையும், அதில் குறிப்பிடப்பட்ட நிறுவனங்களின் சரக்குதான் அலமாரியில் இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார். பின்பு காலாவதித் தேதியையும் தொகுப்பு எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார். ஐயம் எழுந்தாலோ, மாதிரி எடுக்கும் முறை வந்தாலோ, எதற்காக எடுக்கிறார் என்பதை எழுத்தில் தெரிவித்து, உரிய விலையைக் கொடுத்து, கடைக்காரர் முன்னிலையில் மாதிரியை மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் முத்திரை வைக்கிறார்; கடைக்காரர் விரும்பினால் தம் முத்திரையையும் அதன்மேல் பதிக்கலாம். ஒரு பங்கு கடைக்காரரிடமே திரும்புகிறது, ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போகிறது, மற்றொன்று வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு. பகுப்பாய்வு அறிக்கையை ஏற்காதவர் 28 நாள்களுக்குள் எதிர்ப்புத் தெரிவித்தால், நீதிமன்றத்தின் வழியாக ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய ஆய்வகத்தில் மறுசோதனை கோரலாம். அதன் முடிவே இறுதியானது.

மறுசோதனைக்கான இந்த உரிமையே பல வழக்குகளின் முடிவைத் தீர்மானித்தது. பூச்சிமருந்து நாளாக ஆக வீரியம் இழக்கும் பொருளாதலால், அறிக்கை தாமதமாகி, வழக்குத் தொடுப்பது மேலும் தாமதமாகி, குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் நிற்கும்போது மருந்தின் காலம் முடிந்திருந்தால், மறுசோதனைக்குப் பொருளில்லாமல் போகிறது. ஹரியாணா அரசு தொடுத்த ஒரு வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், இவ்வாறு மறுசோதனை உரிமையை இழந்தவர்மீது வழக்கைத் தொடர முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டநெறியில் குறை சொல்ல முடியாத தீர்ப்பு அது. ஆனால் போலி மருந்தை வாங்கி அடித்துப் பயிரைப் பறிகொடுத்த உழவருக்கு, முத்திரையிட்ட மாதிரி கோப்போடு கிடந்து காலாவதியானதால் எந்த நிவாரணமும் இல்லை. 2000-ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது, முதல் குற்றத்துக்கு 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை என வகுத்தது.

இவ்வளவு விரிவான அதிகாரமும் 38-ஆம் பிரிவில் வந்து நின்றுவிடுகிறது. ஒருவர் தம் வீட்டுத் தேவைக்கோ, சமையல் தோட்டத்துக்கோ, தாம் சாகுபடி செய்யும் நிலத்துக்கோ பயன்படுத்தும் பூச்சிமருந்துக்கு இச்சட்டத்தின் எந்தப் பிரிவும் பொருந்தாது என்று அது கூறுகிறது. சட்டத்துக்கு மாறாகப் பயன்படுத்துவோருக்குத் தண்டனை தரும் உட்பிரிவு ஒன்று 29-இல் இருக்கவே செய்கிறது. அது வாடகைக்குக் கிடங்குகளுக்கும் கட்டடங்களுக்கும் மருந்தடிக்கும் நிறுவனங்களைத் தொடுமேயன்றி, நாட்டில் பெருமளவு மருந்து செலவாகும் இடமாகிய வயலைத் தொடாது.

இந்த விலக்கு ஏன் வந்தது என்பதைக் காலத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். சட்டம் நிறைவேறிய காலம் ஐ.ஆர். 8, ஆடுதுறை 27 ஆகிய நெல் வகைகள் பரவிக்கொண்டிருந்த காலம். உரமும் மருந்தும் விதையும் சேர்ந்த ஒரு தொகுப்பாக அவற்றை உழவரிடம் கொண்டுசேர்க்க அரசே முனைந்து நின்றது. மதுரையில் 1965-இல் வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அந்த முனைப்பின் ஒரு பகுதியே. மானிய விலையில் மருந்து கொடுத்து, எத்தனை டேங்க் அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் அதே துறையின் அலுவலர், மறுநாள் அதே உழவர்மீது வழக்குப் போடுவது எப்படி? சிறு உழவரைக் காவல் துறையும் நீதிமன்றமும் அலைக்கழிக்கக் கூடாது என்ற பரிவுக்கும் அந்த விலக்கில் இடமுண்டு. அதை மதிக்கவே வேண்டும். ஆனால் அந்தப் பரிவு நிலத்தை உடையவருக்குக் கிடைத்த அளவுக்கு, அந்நிலத்தில் கூலிக்கு மருந்தடிப்பவருக்குக் கிடைக்கவில்லை. பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், முதலுதவி, மாற்றுமருந்து, பயிற்சி பற்றியெல்லாம் 1971 விதிகள் பேசுகின்றன. கரிசல் காட்டில் தோளுயரப் பருத்திக்குள் பவர் ஸ்பிரேயரைச் சுமந்து, லுங்கியோடும் சட்டையோடும் நடக்கும் கூலியாளுக்கு அவ்விதிகள் நடைமுறைக்கு வந்தனவா என்று பார்க்க எந்த ஆய்வாளருக்கும் கட்டளை இல்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த கூலியாள்களும் உழவர்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடு இதைச் சில வாரங்கள் பேசியது. அதே ஆண்டில் பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளிலிருந்தும் சாவுச் செய்திகள் வந்தன.

பயன்பாட்டைப் பார்க்கும் அதிகாரம் இல்லாமல் பயன்பாட்டைத் தடைசெய்வது எப்படி முடியும் என்பதற்கு மோனோகுரோட்டோபாஸ் நல்ல சான்று. கடும் நஞ்சாகிய இம்மருந்தைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2005-இல் தடைவிதித்தது. நெல்லுக்கும் பருத்திக்கும் விற்க அப்போது தடையில்லை. ஆகவே கடையில் அது சட்டப்படி இருந்தது, ஆய்வாளர் பார்த்தாலும் குற்றமில்லை. வாங்கிச் சென்றவர் அதைக் கத்தரிக்கு அடித்தாரா நெல்லுக்கு அடித்தாரா என்று தொடர்ந்துபோய்ப் பார்க்க ஆய்வாளருக்கு வழியில்லை. பின்னாளில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சந்தையில் காய்கறியை எடுத்து எச்ச நஞ்சைச் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. எச்சம் மிகுந்திருந்தாலும் அது எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பது சந்தையில் மூட்டை கலந்தவுடன் மறைந்துவிடுகிறது. 2015-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர் தமிழகத்தின் காய்கறிப் பகுதிகளை வந்து பார்த்து நஞ்சு மிகுதி என்று குறைகூறியதும், தமிழகத் தரப்பு அதை மறுத்ததும் இந்த வெற்றிடத்தின் விளைவே.

மல்லிகைக்கு அந்தச் சந்தைச் சோதனையும் இல்லை, ஏனெனில் அது உணவன்று. புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை மொக்குப்புழுவும் மொக்கு ஈயும் சிவப்புச் சிலந்தியும் விடாமல் தாக்குவதால், பருவத்தில் அடிக்கடி மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. மருந்தடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்பதைக் காத்திருப்புக் காலம் என்பார்கள். மற்றப் பயிர்களில் அதைக் கடைப்பிடிக்க இயலும், ஆனால் மொக்கை அன்றாடம் விடியுமுன் பறித்தாக வேண்டிய மல்லிகையில் மாலை அடித்த மருந்தின் ஈரம் உலர்வதற்குள் பறிப்பவர்களின் விரல்கள் செடியில் இருக்கின்றன. பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், கையுறையில்லாதவர்கள். பூவைத் தலையில் சூடுபவரைப் பற்றிக் கவலைப்படும் முன், நாள்தோறும் மணிக்கணக்கில் இலைகளுக்குள் கைவிடும் இவர்களைப் பற்றியே சட்டம் முதலில் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

பிற நாடுகள் வேறு வழிகளில் சென்றன. பிரிட்டன் 1985-இல் இயற்றிய உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், மருந்து அடிக்கப்படும் நிலத்துக்குள்ளும் சேமிக்கப்படும் இடத்துக்குள்ளும் அலுவலர் செல்ல அதிகாரம் தந்தது. இலங்கை 1980-ஆம் ஆண்டின் சட்டத்தால் பூச்சிமருந்துப் பதிவாளர் என்ற பதவியை ஏற்படுத்தி, வயலைச் சோதிப்பதைவிட மிகக் கொடிய நஞ்சுகளை நாட்டுக்குள் வரவிடாமல் தடுப்பதில் கவனம் செலுத்தியது. மோனோகுரோட்டோபாஸும் மெத்தமிடோபாஸும் 1995-இலும், எண்டோசல்ஃபான் 1998-இலும் தடைசெய்யப்பட்டன. அந்நாட்டின் தற்கொலை இறப்பு விகிதம் அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உழவர் வீட்டுக்குள் நுழையாமலே உயிரைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு அந்த வழி முழுமையாகத் திறந்திருக்கவில்லை. மருந்துகளைப் பதிவுசெய்வதும் நீக்குவதும் மத்திய அரசின் கையில் இருக்க, மாநில அரசு 27-ஆம் பிரிவின்கீழ் ஒரு மருந்தின் விற்பனையை 60 நாள்கள் நிறுத்திவைத்து, நிரந்தர முடிவுக்கு மத்திய அரசை எதிர்நோக்க வேண்டும். 2023-இன் தொடக்கத்தில் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், புரோஃபினோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை இவ்வாறு நிறுத்திவைத்தபோது, அது முன்வைத்த காரணம் தற்கொலைகளே. அவ்வாண்டு அக்டோபரில் மத்திய அரசு மோனோகுரோட்டோபாஸின் பெருவழக்கான 36 விழுக்காட்டுக் கரைசலைத் தடைசெய்தது. அது காய்கறித் தடைக்கு 18 ஆண்டுகள் கழித்து. 1968-இன் சட்டத்துக்குப் பதிலாகப் பூச்சிமருந்து மேலாண்மை மசோதா 2008-இலும் 2020-இலும் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டபோதும், பழைய சட்டமே தொடர்ந்தது.

ஆக, ஒரு மருந்து தடைசெய்யப்படும் நாளில் ஆய்வாளர் உரக்கடைக்குச் சென்று இருப்பைக் கணக்கெடுக்கிறார், முத்திரை வைக்கிறார், பதிவேட்டில் கையொப்பம் வாங்குகிறார். அதே மருந்து, சென்ற பருவத்தில் வாங்கியது, நிலையூர் ஆயக்கட்டின் மோட்டார் ரூம் மாடத்திலும் கரிசல் காட்டு வீடுகளின் பரணிலும் பாதிப் பாட்டிலாக இருப்பதைக் கேட்டு வாங்கிச் சேகரித்து அழிக்க, அதற்கு ஈடாக உழவருக்கு ஏதேனும் கொடுக்க, எந்த அலுவலருக்கும் கடமை விதிக்கப்படவில்லை.